முப்பத்தொரு நிமிட ரத்தம்

நம் குடியிருப்பின் வாசலில் காலை நடையை முடித்துவிட்டு சிமென்ட் பெஞ்சில் உட்காரும் ஏழு பேரில் நான்கு பேர், ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடக் கூடாது என்று மாத்திரை சாப்பிடுகிறீர்கள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மாதம் ஒரு முறை அம்பத்தூரில் லேபுக்குப் போகிறீர்கள். ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சை அரை நிமிடத்தில் பிய்த்து எறிகிறீர்கள். சாயங்காலம் கைபேசிக்கு ரிப்போர்ட் வந்ததும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் ஏறியது, இறங்கியது என்று பங்குச் சந்தை நிலவரம் மாதிரி பேசிக்கொள்கிறீர்கள். நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை. "உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா சார்?" என்று இதுவரை மூன்று பேர் கேட்டாகிவிட்டது.

இருக்கிறது. உங்களுடையதற்கு நேர் எதிரானது. வாயால் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே யாராவது குறுக்கே பேசுவீர்கள் என்பதால் எழுதித் தருகிறேன். படித்தவர் அடுத்தவரிடம் கசக்காமல் கொடுக்கவும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் தெருவில் மட்டும் இருபத்திரண்டு வீடுகள், எல்லாம் ஒரே மஞ்சள் நிறம், ஒரே பச்சைக் கதவு. எங்கள் வீட்டை முருங்கை மரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் சங்கு ஊதியதும் இருபத்திரண்டு சைக்கிள்கள் ஒரே பக்கமாகப் போகும். நான் வாசற்படியில் உட்கார்ந்து எண்ணுவேன். ஒன்று குறைந்தால் யாருக்குக் காய்ச்சல் என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும்.

அப்பாவுக்கு கேஜ் ரூமில் வேலை. தொழிற்சாலையில் செய்கிற பாகங்கள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்க்கக் கருவிகள் உண்டல்லவா, அந்தக் கருவிகளே சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் வாயில் அடிக்கடி வரும் சொற்கள் இரண்டுதான்: பாஸ், ரிஜெக்ட். அம்மா சுட்டுப் போடும் தோசையைக்கூட ஒரு கணம் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்.

"பாஸா, ரிஜெக்டா?" என்பாள் அம்மா.

"ஓரம் தடிமன். இருந்தாலும் பாஸ்."

"ரிஜெக்ட்னு சொல்லிப் பாருங்க, அப்புறம் அடுப்பு உங்களுது."

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது அம்மா என் உடம்பில் நீலத் திட்டுகளைப் பார்த்தாள். முதுகில் நான்கு, தொடையில் ஆறு, முழங்கைக்கு மேலே மூன்று. எங்கே இடித்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. அம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் வகுப்பு டீச்சர்தான் அடித்திருக்கிறார்.

டீச்சர் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து நடந்தே வருவார். கையில் ஒரு மர ஸ்கேல் இருக்கும். அதைக் கரும்பலகையில் தட்டுவாரே தவிர, என்னைத் தொட்டதில்லை. நானும் அதைச் சொன்னேன். "பயந்துகிட்டுப் பொய் சொல்றான் பாருங்க" என்றாள் அம்மா. திங்கட்கிழமை பிரேயர் முடிந்த கையோடு பள்ளிக்கு வந்து, முப்பத்தேழு பிள்ளைகளுக்கு முன்னால் என் சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"மாட்டை அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கீங்களே! உங்களுக்குப் புள்ளை குட்டி இல்லையா?"

"நான் அடிக்கலைம்மா. சத்தியமா அடிக்கலை" என்றார் டீச்சர். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அவமானத்தில் சட்டை இறங்கினால் போதும் என்றிருந்தது. அன்றிலிருந்து டீச்சர் என்னைக் கேள்வியே கேட்கவில்லை. மற்ற முப்பத்தேழு பேரையும் கேட்பார். என் முறை வரும்போது பார்வை என்னைத் தாண்டிப் போய்விடும்.

மழையில் எனக்குத் தொண்டை வீங்கியது. அந்த வருடத்தில் அது ஐந்தாவது தடவை. தொழிற்சாலை ஆஸ்பத்திரி டாக்டர் நாக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "டான்சில் ரெண்டையும் எடுத்துடலாம். வியாழக்கிழமை வெச்சுக்கலாம்" என்றார். அந்தக் காலத்தில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பாதிப் பேருக்கு டான்சில் எடுத்தாகியிருந்தது. எடுத்த பிறகு ஐஸ்கிரீம் கிடைக்கும் என்பது ஊரறிந்த செய்தி. நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

அறுவைக்கு முன்னால் ரத்தம் எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, எத்தனை நிமிடத்தில் உறைகிறது என்று இரண்டு சோதனைகள் பார்க்க வேண்டும். அறுவை வாரத்துத் திங்கட்கிழமை லேப்காரர் லீவில் இருந்தார். காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர், "நானே பாத்துடறேன் சார், கஷ்டம் ஒண்ணுமில்ல" என்று லேப் கதவைத் திறந்தார். ஸ்பிரிட் வாடையும் ஈரச் சுவர் வாடையும் சேர்ந்து வந்தன. அவர் ஊசியை ஸ்பிரிட் விளக்கில் காட்டி என் மோதிர விரலில் குத்தினார். மழைக் குளிரில் என் கை சில்லென்று இருந்தது. குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சொட்டு வந்து நின்றுவிட்டது.

"பத்தாதே. இன்னொரு வாட்டி குத்தணும்" என்றார் டிரெஸ்ஸர்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வேணாம். இருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, என் விரலை அடியிலிருந்து நுனிவரை தன் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, மாவு பிசைகிற மாதிரி அழுத்தி அழுத்திக் கொண்டுவந்தார். இரும்போடு பழகிய விரல்கள். ரத்தம் வந்தது. இரண்டாவது குத்து இல்லை என்பதில் எனக்கு அவர் மேல் அப்படியொரு பாசம் பொங்கியது.

தலைமுடி மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் தானாக ஏறிக்கொண்டது. அந்தக் குழாய்களை இப்போது எங்கும் காணோம். அரை நிமிடத்துக்கு ஒரு முறை அதில் ஒரு துண்டை ஒடித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். உறையாத ரத்தம் சும்மா பிரியும். உறைந்திருந்தால் இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் ஒரு சிவப்பு நூல் இழுபடும். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார். நான் ஒடிக்கும் சத்தத்தை எண்ணினேன். ஒன்பதாவது துண்டில் நூல் தெரிந்தது.

"நாலரை நிமிஷம். நார்மல்" என்றார் டிரெஸ்ஸர்.

"பாஸ்" என்றார் அப்பா என்னைப் பார்த்து. எனக்குப் பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த விரல் நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. குத்திய நுனி மட்டுமல்ல, அப்பா அழுத்திய இடம் முழுக்க. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். "கதவிடுக்குல வெச்சிருப்பான்" என்று அவளே காரணமும் கண்டுபிடித்துவிட்டாள். அப்பா விரலை ஒரு முறை பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

புதன்கிழமை ரத்த வகை பார்க்க மறுபடியும் லேபுக்குப் போனோம். மறுநாள் காலை அறுவை. லேப் வாசலில் ஒரு பெஞ்ச். அதில் பதினோரு வயசுப் பையன் ஒருவன், வலது முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிப்போய், காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா. பட்டாபிராம்காரர்கள். அவன் அப்பாவுக்கு ரயில் தண்டவாளத்தில் வேலை. அந்த அம்மாவின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா பதக்கம் இருந்தது.

"பையனுக்கு என்ன?" என்று கேட்டாள் அம்மா.

"ரத்தம் நிக்காத நோவும்மா. உள்ளுக்குள்ளயே கசிஞ்சி மூட்டு வீங்கிக்கும். இவனுக்குப் பெரியவன் ஒருத்தன் இருந்தான். பல்லு புடுங்கினாங்க. அஞ்சு நாளு ரத்தம் நிக்கவேயில்ல. மாதாகிட்ட போய்ட்டான்."

அம்மா என் தோளைப் பிடித்து மெதுவாக எதிர்ப் பெஞ்சுக்கு நகர்த்தினாள். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை.

"ஒட்டிக்காதும்மா. ஒட்டிக்கிற நோவா இருந்தா எனக்கில்ல மொதல்ல வந்திருக்கணும்?"

லேப்காரர் லீவு முடிந்து வந்திருந்தார். ஒல்லியான மனிதர், பட்டன் இல்லாத வெள்ளைக் கோட்டு, காதில் பென்சில். ரத்த வகைக்காக என் கையைப் பிடித்தவர் பற்றைத் துடைத்துவிட்டு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது? இந்த வெரலை யார் நசுக்கினது?"

"கதவுல வெச்சுட்டான்" என்றாள் அம்மா.

"கதவுல வெச்சா கோடு மாதிரி வரும். இது அடியிலேர்ந்து நுனிவரைக்கும் கீது. யாரோ கறந்த மாதிரி கீதே!"

அப்பா தொண்டையைச் செருமினார். "திங்கட்கிழமை ரத்தம் சரியா வரலை. நான்தான் கொஞ்சம் அமுக்கி விட்டேன்."

"டெஸ்ட்டுக்கா சார்?"

"ஆமா. நாலரை நிமிஷம். நார்மல்னு எழுதிக் குடுத்திருக்கார்."

லேப்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். என் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். தொடையைப் பார்த்தார். பிறகு, "சட்டையப் போட்டுக்கோ. சார், இன்னொரு வாட்டி பாக்கணும். இந்த வாட்டி நரம்புல எடுக்கறேன். நீங்க அந்த ஸ்டூல்ல கையைக் கட்டினு உக்காருங்க. வாச்சை மட்டும் பாருங்க" என்றார்.

அப்பாவுக்கு முகம் சுருங்கியது. "ஒரு தடவை அளந்தாச்சே. ஒரே பொருளை ரெண்டு தடவை அளந்து ரெண்டு அளவு வந்தா, அளக்கிறவர் மேலதான் தப்பு."

"பாத்துடலாம் சார். யார் மேல தப்புன்னு பாத்துடலாம்."

அவர் இரண்டு கண்ணாடி சிரிஞ்சுகளை எடுத்துக்கொண்டார். முதல் சிரிஞ்சில் வந்த ரத்தத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டார். ஊசி அப்படியே இருக்க, இரண்டாவது சிரிஞ்சை மாட்டி எடுத்த ரத்தத்தைத்தான் குழாய்களில் விட்டார். எனாமல் குவளையில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஒரு வெப்பமானி, நிற்க வைத்த மூன்று குழாய்கள். ஊசி எடுத்த இடத்தைத் தன் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, அதே இடத்தில் அம்மாவின் விரலை வைத்துக்கொள்ளச் சொன்னார். "நான் சொல்றவரைக்கும் எடுக்கக் கூடாது. இங்க அமுக்கலாம். எவ்ளோ வேணா அமுக்கலாம்." பிறகு அப்பாவின் சந்தேகத்துக்காகத் தன் கையிலிருந்தே ரத்தம் எடுத்து இன்னொரு குவளையில் அதே மாதிரி வைத்தார்.

அரை நிமிடத்துக்கு ஒரு முறை குழாயைச் சாய்த்துப் பார்ப்பார். நான் சாய்ப்பதை எண்ணினேன். பதினாறாவது சாய்ப்பில், அதாவது எட்டாவது நிமிடத்தில், அவருடைய ரத்தம் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தும் அசையாமல் நின்றது. என்னுடையது தண்ணீர் மாதிரி ஓடியது. இருபதாவது சாய்ப்பு. முப்பது. தகர ஓட்டில் மழை விழும் சத்தம். அம்மா என் முழங்கையில் வைத்த விரலை எடுக்காமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். நாற்பதாவது சாய்ப்புக்கு மேல் அப்பா நேரம் சொல்வதை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. அறுபத்திரண்டாவது சாய்ப்பில், முப்பத்தொன்றாவது நிமிடத்தில், ரத்தம் ஒரு வழியாகக் கெட்டியானது. அதுவும் தளதளவென்று.



"அப்போ திங்கட்கிழமை எப்படி நாலரை வந்துச்சு?" என்றார் அப்பா. குரல் சண்டைக்காரர் குரலாக இல்லை.

"வெரலை அமுக்கினா ரத்தம் மட்டும் வராது சார். சதையிலேர்ந்து ஒரு தண்ணியும் சேந்து வரும். அது ரத்தத்தை டக்குனு ஒறைய வெச்சிடும். குழாய்ல இருந்தது புள்ளையோட ரத்தம். ஒறைய வெச்சது நீங்க அமுக்கினது."

அப்பா தன் இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டார். அவர் அப்போது சொன்னது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் முழுசாகப் புரிந்தது. "கேஜ் ரூம்ல எஃகுக் கட்டை வெச்சிருப்போம், அளவு சரிபார்க்கிறதுக்கு. அதை வெறுங்கையால தொட விடமாட்டேன். கைச் சூட்டுல முடியளவுல நூத்துல ஒரு பங்கு வளர்ந்திடும், அப்புறம் அன்னைக்கு அளந்ததெல்லாம் குப்பை. போன மாசம் வெறுங்கையால தொட்டான்னு ஒருத்தனுக்கு மெமோ குடுத்தேன்."

லேப்காரர் ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினார்.

அப்பா குடிக்கவில்லை. எழுந்து, லேப்காரர் எழுதிய புதுச் சீட்டோடு என்னையும் அழைத்துக்கொண்டு, டாக்டர் அறைக்குப் போனார். வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள். வரிசையை என்றுமே மீறாத மனிதர் அன்று நேராக உள்ளே நுழைந்தார்.

"சார், திங்கட்கிழமை ரிப்போர்ட் செல்லாது. அளக்கும்போது நான் கை வெச்சுட்டேன்."

டாக்டர் இரண்டு சீட்டுகளையும் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். வியாழக்கிழமைப் பட்டியலை எடுத்து என் பெயரை ஒரே கோடாக அடித்தார். "நாளைக்கு கத்தி வெச்சிருந்தா…" என்று தொடங்கியவர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பா பழைய சீட்டைக் காட்டி, "இதுல ரிஜெக்ட்னு எழுதிடுங்க சார். வேற யாராவது எடுத்துப் பார்த்துடக் கூடாது" என்றார். டாக்டர் எழுதினார். அப்பா அதை இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

ஐஸ்கிரீம் இல்லை என்று எனக்கு அழுகை வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. அம்மா முருங்கை மரத்தில் பதினோரு காய் பறித்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். ஓடித் தொலையாதே, கல்லில் தடுக்காதே என்று வழி முழுக்க என் கையை விடவில்லை. முத்தாபுதுப்பேட்டையில் டீச்சர் வீட்டைக் கண்டுபிடிக்க நான்கு பேரை விசாரித்தோம். டீச்சர் கதவைத் திறந்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

"டீச்சர், இவனுக்கு ரத்தத்துல கோளாறு. தொட்டாலே நீலமாயிடுதாம். நீங்க அடிக்கலை" என்றாள் அம்மா. மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் கடைசிவரை வரவில்லை. காய்களை நீட்டினாள்.

டீச்சர் காய்களை வாங்கவில்லை. என்னைப் பார்த்து, "ரொம்ப வலிக்குமாடா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர். அழுத்தினாதான்."

"ரெண்டு வாரமா நான் ஸ்கேலையே தொடலைம்மா. கரும்பலகையில கோடு போடறதுக்குக்கூட நோட்டு அட்டையத்தான் வெச்சுக்கிறேன்" என்றார் டீச்சர். அப்புறம் இருவரும் சேர்ந்து அழுதார்கள். நான் முற்றத்தில் இருந்த கோழிகளை எண்ணினேன். ஐந்து. கிளம்பும்போது காய்கள் டீச்சர் கையில் இருந்தன. திங்கட்கிழமை வகுப்பில் முதல் கேள்வி எனக்குத்தான் வந்தது. பதில் தெரியவில்லை. உட்காரச் சொன்னார், எதிலும் இடித்துக்கொள்ளாமல் உட்காரச் சொன்னார்.

ஆனால் அம்மா தூங்கவில்லை. அடுப்பின் முன்னால் உட்கார்ந்தபடியே பட்டாபிராம் அம்மாவின் மூத்த மகனை நினைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் திடீரென்று என்னைக் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, எந்தப் பல்லாவது ஆடுகிறதா என்று பார்ப்பாள். ஒரு பல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. நான் நாக்கால் அதை மறைத்துக்கொள்வேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கழித்துத்தான் பார்க்க முடியும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவால் ஒரு மாதம் பொறுக்க முடியவில்லை. அப்பாவோடு லேபுக்குப் போய் நின்றாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பட்டாபிராம் பையனுக்கு இருக்கிறதுதான் இவனுக்குமா? இவனும்…"

லேப்காரர் மூக்கைச் சொறிந்தார். "பெரியாஸ்பத்திரில நாலு வருசம் இருந்தேம்மா. அங்க ஒண்ணு செய்வாங்க, நான் கூட இருந்து பாத்திருக்கேன். இந்த நோவுல ரெண்டு தினுசு கீது. ரெண்டு பேர் ரத்தத்தையும் கலந்து பாக்கணும். ரெண்டு பேருக்கும் ஒரே கொறைன்னா, கலந்தாலும் ஒறையாது. வேற வேறன்னா, இவன்கிட்ட இல்லாதது அவன்கிட்ட இருக்கும். டாக்டரைக் கேட்டுக்கினு சொல்றேன். சனிக்கிழமை அவங்களையும் வரச் சொல்றேன்."

"ஒரே குறைன்னா?" என்றார் அப்பா.

"அப்பவும் தெரிஞ்சிக்கறது நல்லதுதானே சார்" என்றார் லேப்காரர். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. பட்டாபிராம் பையனுக்கு முழங்கால் வற்றியிருந்தது. கால்சட்டைப் பையில் கோலிகள் கிலுகிலுத்தன. பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, எங்களைப் பெஞ்சில் ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். இந்த முறை அம்மா என்னை நகர்த்தவில்லை.

"உன் ரத்தம் எத்தினி நிமிசம்?" என்றான்.

"முப்பத்தொண்ணு."

"ப்பூ! எனுது முக்கா மணி நேரம். சோம்பேறி ரத்தம்னு எங்க நைனா சொல்லும். பெட்டு கட்றியா? எவன் ரத்தம் மொதல்ல ஒறையுதோ அவனுக்குக் கோலி. ஆளுக்கு ஆறு."

எனக்கு ஏற்கெனவே பதினான்கு நிமிடம் முன்னிலை இருந்தது. ஒப்புக்கொண்டேன். என் ஆறு கோலிகளையும் பந்தயமாக அவனிடம் கொடுத்தேன். ஐந்து பச்சை, ஒன்று பால் வெள்ளை. அவனுடையது ஆறும் நீலம்.

லேப்காரர் எங்கள் இருவரிடமும் ரத்தம் எடுத்தார். இந்த முறை உறையாமல் வைக்கும் மருந்து கலந்த குழாய்களில் விட்டார். மேஜை விளிம்பில் திருகிய ஒரு கருவியில் அவற்றைச் செருகி, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். தையல் மிஷின் போல ஆரம்பித்து, வேகம் பிடித்ததும் ரயில் மாதிரி சத்தம். நிறுத்தியபோது சிவப்பு கீழே படிந்து, மேலே கடலை எண்ணெய் நிறத்தில் தெளிந்த நீர் நின்றது. "இதுலதான் விசயம் கீது" என்றார். அந்தக் கைச்சுற்றுக் கருவியும் இன்று எங்கேயும் கிடையாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு குழாய்கள். ஓரத்தில் லேப்காரருடையது, சரிபார்க்க. அப்புறம் என்னுடையது. கடைசியில் அவனுடையது. என்னுடையதற்கும் அவனுடையதற்கும் நடுவில் ஒரு குழாயில் இருவருடையதும் பாதிப் பாதி. உறைதலைத் தொடங்கிவைக்கும் சுண்ணாம்புச் சத்து நீரை ஒவ்வொன்றிலும் அளந்து விட்டார். அப்பா ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு, கடிகாரத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இரண்டரை நிமிடத்தில் லேப்காரருடையது உறைந்தது.

"மூணு" என்றார் அப்பா.

எல்லாக் குழாயிலும் நீர் ஆடியது. பட்டாபிராம் அம்மா பதக்கத்தை உதட்டில் வைத்துக்கொண்டார். அம்மா அவர் முந்தானையின் நுனியைப் பிடித்திருந்தாள். தன்னுடையது என்று நினைத்துப் பிடித்தாளோ என்னவோ.

"மூணரை."

லேப்காரர் என்னுடையதைச் சாய்த்தார். ஓடியது. அவனுடையதைச் சாய்த்தார். ஓடியது. நடுக் குழாயைச் சாய்த்தார். ஓடவில்லை. இன்னும் சாய்த்தார். முழுக்கக் கவிழ்த்தார். ஜெல்லி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றது. அதைக் கவிழ்த்தபடியே தன் உள்ளங்கைக்கு மேல் பிடித்து உதறினார். ஒரு சொட்டு விழவில்லை.

"டேய்!" என்றான் அவன்.

அப்பா நேரம் சொல்ல மறந்துவிட்டார். பத்து நிமிடம்வரை பொறுத்துப் பார்த்தோம். எங்கள் தனித்தனிக் குழாய்கள் இரண்டும் கடைசிவரை தண்ணீராகவே இருந்தன.

"வேற வேற கொறை" என்றார் லேப்காரர். "இவன்கிட்ட இல்லாதது அவன்கிட்ட கீது. அவன்கிட்ட இல்லாதது இவன்கிட்ட கீது."

பட்டாபிராம் அம்மா அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ ரெண்டும் சேந்து ஒரு முழு புள்ளைன்னு சொல்லு அண்ணாத்தே."

"இல்ல தாயி. ரெண்டு முழு புள்ளைங்க. ஆளுக்கு ஒரே ஒரு சாமான் கொறையுது, அவ்ளோதான். ரத்தமே கெட்டுப்போச்சுன்னு இவ்ளோ நாளா நினைச்சினு இருந்தியே, அது இல்ல. இன்னா கொறைன்னு தெரிஞ்சா அதைக் குடுக்கலாம். யாருக்கு எந்த தினுசுன்னு பெரியாஸ்பத்திரில பேரோட எழுதிக் குடுப்பாங்க. அந்தச் சீட்டைப் பைபிள்ல வெச்சிக்கோ. யார் பல்லு புடுங்கணும்னாலும் மொதல்ல அதைக் காட்டு."

"தெரிஞ்சிருந்தா என் பெரியவனுக்கும்…" என்றார் அந்த அம்மா.

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே ஒன்றுமில்லாத மைதானத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அதையேதான் சொன்னார்கள், பெயரோடு. அவனுக்கு ரத்தத்திலிருந்து அன்றன்றைக்கே பிரித்த நீர்தான் பயன்படும். எனக்குக் கொஞ்சம் பழையதாக இருந்தாலும் போதும். ஆடிய பல் தைப் பொங்கலுக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலேயே விழுந்தது. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். ஒன்றரை நாளில் ரத்தம் நின்றது. இப்போது அந்தக் குறைந்த சாமானை மட்டும் தனியாகப் பிரித்துச் சின்னப் புட்டியில் தருகிறார்கள்; அரசு ஆஸ்பத்திரியில் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். உங்கள் மாத்திரை மாதிரிதான் அதுவும். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். என் இடது முழங்கால் மடங்காததற்கு, பல வருடங்களாக உள்ளே கசிந்த ரத்தம்தான் காரணம். மற்றபடி இந்த வளாகத்தில் லிஃப்ட் மாதத்துக்கு நான்கு முறை நின்றுபோவதுதான் எனக்குப் பெரிய நோய்.

அன்று லேபை விட்டுக் கிளம்பும்போது ஒரு தகராறு வந்தது. பெட்டின் கோலிகளை யாருக்குக் கொடுப்பது?

"உன்னுதும் ஒறையல, என்னுதும் ஒறையல. நடுவுல இருந்ததுதான் ஜெயிச்சிச்சி" என்றான் அவன். பன்னிரண்டு கோலிகளையும் அந்தக் குழாயின் முன்னால் மேஜையில் குவித்தான். "பெட்டுன்னா பெட்டு."

"அதுக்குக் கை இல்லடா, எப்பிடி விளையாடும்?" என்றார் லேப்காரர். கோலிகளைப் பிரித்தார். நீலம் ஆறையும் என் கையில் வைத்தார். பச்சை ஐந்தையும் வெள்ளையையும் அவனிடம் கொடுத்தார். "இப்போ சரியா? போங்க. ஓடாம போங்க."

அவனுக்கு இப்போது எழுபத்தாறு நடக்கிறது. பட்டாபிராமில்தான் இருக்கிறான். போன வாரம் அவனுக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். கத்தி வைத்து, எலும்பை அறுத்து, புதிய மூட்டுப் பொருத்தித் தைத்தார்கள். அறுவைக்கு முன்னாலும் பின்னாலும் அவனுடைய சாமானை அளந்து அளந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கம்பைப் பிடித்துக்கொண்டு பதினேழு அடி நடந்தானாம். எண்ணச் சொல்லி நான்தான் சொல்லியிருந்தேன். வார்டிலிருந்து அவனே போன் செய்தான்.

"மாமே, என் கோலி ஆறும் பத்திரமா கீதா?"

அலமாரியைத் திறந்து, டப்பாவைக் கொட்டி, ஒரு முறைக்கு இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"கீது."